முட்டைக்குள் தொடங்கிய பாடம்: ஒரு கோழிக்குஞ்சும் இயல்பூக்கத்தின் வரலாறும்

அடைவைத்த 21ஆம் நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவரும் கோழிக்குஞ்சு, ஈரம் உலர்ந்து காலூன்றிய சில மணி நேரத்திலேயே தரையில் கிடக்கும் நொய்யைக் கொத்துகிறது. தாய் அழைத்தால் அந்தத் திசையில் ஓடுகிறது. கண்ணெதிரே உள்ள பொருளைக் குறிதவறாமல் கைநீட்டிப் பிடிக்க மனிதக் குழந்தைக்கு மாதங்கள் தேவைப்படுகின்றன. குஞ்சுக்கு ஒரு நாள் போதுமானதாக இருக்கிறது. அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் எழக்கூடிய இந்தக் கேள்வி, கடந்த 150 ஆண்டுகளாக விலங்கு நடத்தை ஆய்வின் மையத்தில் இருந்துவருகிறது. இயல்பூக்கம் உண்டு என்று நிறுவ முயன்றவர்கள் இந்தக் குஞ்சைத்தான் சான்றாகக் காட்டினர். இயல்பூக்கம் என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்றவர்களும் இதே குஞ்சையே காட்டினர். கேள்வி கேட்கப்பட்ட முறையே தவறு என்றவர்களும், குஞ்சுக்கு எண்ணறிவு உண்டு என்று பிற்காலத்தில் கண்டவர்களும் இதனிடமே வந்துசேர்ந்தனர். இயல்பூக்கத்திலிருந்து அறிதிறன் வரை இத்துறை கடந்துவந்த பாதையை இந்த ஓர் உயிரைப் பின்தொடர்ந்தே பெருமளவு சொல்லிவிட முடியும்.

1. கூரை வேய்ந்தவரின் சோதனை

இக்கேள்வி முதலில் தத்துவவாதிகளுடையதாக இருந்தது. ஜார்ஜ் பெர்க்லி 1709இல் வெளியிட்ட பார்வை குறித்த நூலில், தொலைவைக் கண் நேரடியாகக் காண்பதில்லை என்று வாதிட்டார். தொட்டும் நகர்ந்தும் பெற்ற அனுபவத்தைக் கண் தரும் குறிப்புகளோடு இணைத்துத்தான் மனம் தொலைவை அறிகிறது என்பது அவர் கருத்து. அனுபவங்களின் இணைப்பே அறிவு என்னும் இந்த மரபை 19ஆம் நூற்றாண்டில் வளர்த்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் பெய்ன்.

மறுபுறம், 1859இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' ஓர் இயல் முழுவதையும் இயல்பூக்கத்துக்கு ஒதுக்கியது. உடலுறுப்புகளைப் போலவே நடத்தையும் மரபுவழி வரக்கூடியது, இயற்கைத் தேர்வுக்கு உட்படக்கூடியது என்றது அந்நூல். ஆனால் டார்வினுக்கு இணையாக இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸே இதில் தயங்கினார். பறவைகள் கூடு கட்டுவதை அனுபவத்தாலும் பின்பற்றலாலும் விளக்க முடியும் என்று அவர் கருதினார். இரு தரப்பிலும் வாதங்களுக்குப் பஞ்சமில்லை. கட்டுப்படுத்தப்பட்ட சோதனைதான் இல்லை.

அந்தச் சோதனையைச் செய்தவர் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத டக்ளஸ் ஸ்பால்டிங். அபர்டீனில் கற்பலகைக் கூரை வேயும் தொழிலாளியாக இருந்தவர் அவர். அவருடைய அறிவார்வத்தைக் கண்ட பெய்ன், கட்டணமின்றி வகுப்புகளில் அமர 1860களில் வழிசெய்தார். பின்னர் ஸ்பால்டிங் ஆசிரியராகப் பணியாற்றினார், சட்டமும் பயின்றார். காசநோய் பற்றியது. உடல்நலம் தேடித் தெற்கு ஐரோப்பாவுக்குச் சென்றபோது, பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் அறிமுகம் கிடைத்தது. அனுபவவாத மரபின் இரு பெரும் பெயர்களான பெய்ன், மில் ஆகியோரின் ஆதரவைப் பெற்ற ஒருவர், அம்மரபின் அடிப்படையையே அசைக்கும் சோதனைகளைச் செய்தார் என்பது இவ்வரலாற்றின் முதல் முரண்.

1872இல் பிரைட்டனில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவுகளை முன்வைத்தார். அவை 1873 பிப்ரவரி 'மேக்மில்லன்ஸ் மேகசின்' இதழில் கட்டுரையாக வந்தன. அவருடைய முறை எளிமையானது. குஞ்சு ஓட்டிலிருந்து வெளிவரும் தறுவாயில், கண் திறப்பதற்கு முன்பே, அதன் தலையில் ஒரு சிறு முக்காட்டை மாட்டினார். ஒன்று முதல் மூன்று நாள்வரை குஞ்சுகள் இருளிலேயே வைக்கப்பட்டன. முக்காட்டை நீக்கிய சில நிமிடங்களில் அவை ஊர்ந்து செல்லும் பூச்சியைக் கண்ணாலும் தலையாலும் பின்தொடர்ந்தன. ஏறக்குறையக் குறிதவறாமல் கொத்தின. தொலைவைப் பார்த்துப் பழக அவற்றுக்கு வாய்ப்பே இருக்கவில்லை. வேறு சில குஞ்சுகளின் காதுகளைப் பசைத்தாளால் அடைத்துவைத்து, சில நாள் கழித்துத் திறந்தார். அதுவரை தாயின் குரலைக் கேட்டிராத அவை, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கோழி அழைத்ததும் அந்த ஒலியை நோக்கி ஓடின.

ஸ்பால்டிங்கின் குறிப்புகளில் பிற்காலத்தவரை மிகவும் ஈர்த்தது வேறொரு செய்தி. பிறந்த ஓரிரு நாள்களில் குஞ்சுகள் தாயை மட்டுமன்றி அசையும் எதையும் பின்தொடர்ந்தன, மனிதரையும் பின்தொடர்ந்தன. ஆனால் ஏறத்தாழ நான்கு நாள் முக்காட்டுக்குள் இருந்த குஞ்சுகள் அதை நீக்கியவுடன் அவரைக் கண்டு அஞ்சி ஓடின. முந்தைய நாள் முக்காடு நீக்கப்பட்டிருந்தால் அவை அவரிடமே ஓடி வந்திருக்கும். அந்த ஒரு நாளில் அவை எதையும் பார்க்கவில்லை. ஆகவே எந்தக் காட்சி அனுபவத்தாலும் இந்த மாற்றத்தை விளக்க முடியாது. சில திறப்புகள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே திறந்திருக்கின்றன என்ற கருத்தின் முதல் தெளிவான சோதனைச் சான்று இது எனலாம். 1890இல் வில்லியம் ஜேம்ஸ் தம் உளவியல் பெருநூலில், இயல்பூக்கங்கள் நிலையற்றவை என்று காட்ட ஸ்பால்டிங்கையே எடுத்தாண்டார்.

2. மறக்கப்பட்ட பெயர்

முன்னாள் பிரதமர் ஜான் ரஸ்ஸல் பிரபுவின் மகனான ஆம்பர்லி பிரபு, தம் மூத்த மகனுக்கு ஆசிரியராக ஸ்பால்டிங்கை வீட்டோடு அமர்த்தினார். ஆம்பர்லியின் மனைவி கேட் விலங்குச் சோதனைகளில் அவருக்கு உதவினார். அவ்வீட்டின் கடைக்குட்டி, 1872இல் பிறந்த பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்.

1874இல் தொண்டை அடைப்பான் நோய் கேட்டையும் அவருடைய மகளையும் பலிகொண்டது. 1876 தொடக்கத்தில் ஆம்பர்லியும் இறந்தார். குழந்தைகளின் பாதுகாவலர்களுள் ஒருவராக ஸ்பால்டிங்கை அவர் குறித்திருந்தார். கடவுள் மறுப்பாளரிடம் பேரக்குழந்தைகள் வளர்வதை ஏற்காத பாட்டனும் பாட்டியும் நீதிமன்றத்தை நாடிப் பிள்ளைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். 1877இல் டன்கர்க் நகரில் ஸ்பால்டிங் காசநோயால் இறந்தார். அவருக்கு மாணவர்கள் இல்லை, ஆய்வகம் இல்லை, தம் பணியைத் தொகுத்த நூலும் இல்லை. சில கட்டுரைகள் மட்டுமே எஞ்சின. மேற்கோள் காட்டியவர்களின் தலைமுறை மறைந்ததும் அவர் பெயரும் மறைந்தது.

3. தண்ணீரைத் தெரியாத குஞ்சு

ஸ்பால்டிங் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் பிரிஸ்டலில் பணியாற்றிய லாயிட் மார்கன். அக்காலத்தில் விலங்குகளின் அறிவைப் பற்றிய நூல்களில் நாய் நன்றி பாராட்டியது, பூனை திட்டமிட்டது போன்ற கதைகள் நிறைந்திருந்தன. கீழ்நிலை உளச்செயல் ஒன்றால் விளக்கக்கூடிய நடத்தையை உயர்நிலை உளச்செயலின் விளைவாகக் கொள்ளலாகாது என்று மார்கன் 1894இல் வகுத்த நெறி, அத்தகைய கதைகளுக்குக் கடிவாளமிட்டது. இன்றும் அது 'மார்கனின் நெறி' என்றே குறிப்பிடப்படுகிறது.

1896இல் வெளிவந்த 'பழக்கமும் இயல்பூக்கமும்' என்ற நூலுக்காக அவர் அடைப்பெட்டியில் பொரித்த குஞ்சுகளைத் தாமே வளர்த்துக் கவனித்தார். கொத்துதல் பிறப்பிலேயே அமைந்திருந்தது. ஆனால் எதைக் கொத்துவது என்பது அமைந்திருக்கவில்லை. தானியம், மணல், தம் சொந்தக் கால்விரல் என எல்லாவற்றையும் குஞ்சுகள் கொத்தின. கசக்கும் கம்பளிப்புழுவைக் கொத்திய குஞ்சு, ஓரிரு முறைக்குப் பின் அதன் நிறத்தைக் கண்டே ஒதுங்கியது. அதைவிடச் சுவையானது தண்ணீர் பற்றிய கண்டறிதல். தாகத்தோடு இருந்த குஞ்சும் தட்டிலிருந்த தண்ணீரைப் பார்த்து அடையாளம் காணவில்லை. அதில் கால் நனைய நின்றுகொண்டே குடிக்காமல் இருந்தது. ஏதோ ஒரு துகளைக் கொத்தப்போய் அலகு தற்செயலாக நனைந்தபோதுதான் தலையை உயர்த்தி விழுங்கும் அசைவு முழுமையாக வெளிப்பட்டது. குடிக்கும் அசைவு பிறவியில் வந்தது. எதைக் குடிப்பது என்பது கற்றறிந்தது. ஒரே மிடறு நீரில் இரண்டும் கலந்திருந்தன.

மார்கன் 1896இல் அமெரிக்காவில் விரிவுரையாற்றினார். அதே காலகட்டத்தில் ஹார்வர்டில் மாணவராக இருந்த எட்வர்ட் தார்ன்டைக் தம் முதல் விலங்குச் சோதனைகளைக் குஞ்சுகளைக் கொண்டே தொடங்கினார். புத்தகங்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றுவழிகளை அமைத்து, குஞ்சு வெளியேற எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தார். தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் குஞ்சுகளை ஏற்க மறுத்தபோது, வில்லியம் ஜேம்ஸ் தம் வீட்டு நிலவறையில் இடம் கொடுத்தார். மீண்டும் மீண்டும் முயலும்போது நேரம் படிப்படியாகக் குறைந்ததே தவிர, 'புரிந்துகொண்ட' ஒரு கணம் தென்படவில்லை. பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்துச் செய்த சோதனைகளையும் சேர்த்து 1898இல் அவர் வெளியிட்ட ஆய்வேடு, கற்றலை அளவிடும் அறிவியலுக்கு அடித்தளமிட்டது. கேள்வி அப்போது இடம் மாறியது. விலங்கு எதை அறிந்து பிறக்கிறது என்பதைவிட, எப்படிக் கற்கிறது என்பதே அமெரிக்க உளவியலின் முதன்மைக் கேள்வியாயிற்று.

4. ஓட்டில் ஒரு சாளரம்

அந்தத் திசையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் சீன அறிஞர் ஜிங்-யாங் குவோ. கலிபோர்னியாவில் மாணவராக இருந்தபோதே 1921இல், உளவியல் இயல்பூக்கம் என்ற கருத்தைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். ஒரு நடத்தைக்கு இயல்பூக்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் அதன் காரணத்தைத் தேடும் வேலை நின்றுவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. சீனா திரும்பிய பின் பூனைக்குட்டிகளை எலிகளோடு சேர்த்து வளர்த்து, அவ்வாறு வளர்ந்தவை தம்மோடு வளர்ந்த எலிகளைக் கொல்லவில்லை என்று காட்டினார். பூனைக்கு எலி பிறவிப் பகை என்ற நம்பிக்கைக்கு அது ஒரு பதில்.

ஆயினும் ஸ்பால்டிங்கின் குஞ்சு அவர்முன் நின்றது. பொரித்தவுடன் கொத்துகிறதே, அதற்கு என்ன பதில்? ஸ்பால்டிங் முக்காடு மாட்டிய கணத்துக்கு முன்பே குஞ்சுக்கு 21 நாள் வரலாறு இருக்கிறது என்பதே குவோவின் பதில். முட்டை ஓட்டின் ஒரு பகுதியை நீக்கி, உட்சவ்வின்மேல் உருக்கிய வாசலினைப் பூசி அதை ஒளிபுகும் சாளரமாக்கினார். கருவின் வளர்ச்சியை நாள்தோறும் கவனித்து 1930களில் வெளியிட்டார். இதயம் துடிக்கும்போது மார்பின்மேல் படிந்துள்ள தலை அசைகிறது. பிறகு தலை தானே அசைகிறது. அலகு திறந்து மூடுகிறது. கருவைச் சூழ்ந்த நீர்மம் தொண்டைக்குள் செல்கிறது. கொத்துதலின் கூறுகளான தலையசைவு, அலகுத் திறப்பு, விழுங்கல் ஆகியவை ஓட்டுக்குள்ளேயே உருவாகி ஒன்றுசேர்கின்றன என்றார் குவோ.

இதயத் துடிப்பே தலையசைவைக் கற்பிக்கிறது என்ற அவருடைய விளக்கம் பின்னாளில் நிலைக்கவில்லை. கருவின் அசைவுகள் வெளித்தூண்டல் இன்றி நரம்பு மண்டலத்திலிருந்தே எழுகின்றன என்று 1960களில் விக்டர் ஹம்பர்கர் குழுவினரின் ஆய்வுகள் காட்டின. ஆனால் குவோவின் கேள்வி நிலைத்தது. பிறப்பு என்பது ஒரு நிகழ்வு. வளர்ச்சியின் தொடக்கம் அன்று. பிறந்த கணத்தில் இருப்பதெல்லாம் பிறவியிலேயே முழுமையாக எழுதப்பட்டது என்று கொள்வதற்கு நியாயமில்லை.

5. ஒரு சொல்லின் விலை

இதே காலத்தில் ஐரோப்பாவில் இயல்பூக்கம் புத்துயிர் பெற்றது. ஆஸ்திரியரான கோன்ராட் லோரன்ஸ் 1935இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், வாத்து, கூஸ் போன்ற பறவைகளின் குஞ்சுகள் பொரித்த சிறு காலத்துக்குள் தாம் காணும் அசையும் பொருளைத் தாயாக ஏற்றுக்கொள்வதை விவரித்தார். அவருக்கு முன்பே ஆஸ்கார் ஹைன்ராத் 1911இல் இதைக் குறித்திருந்தார். லோரன்ஸ் இதற்குக் கொடுத்த ஜெர்மன் சொல்லின் பொருள் நாணயத்தில் முத்திரை பதித்தல். ஆங்கிலம் வழியாக இம்பிரின்டிங் என்று உலகெங்கும் பரவிய இதைத் தமிழில் பதிவுக்கற்றல் எனலாம். அசையும் எதையும் பின்தொடரும் குஞ்சு, காலம் கடந்தால் அஞ்சி ஓடும் குஞ்சு ஆகிய இரண்டையும் ஸ்பால்டிங் 60 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். 1973இல் லோரன்ஸ், நிகோ டின்பெர்கன், கார்ல் வான் ஃப்ரிஷ் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

லோரன்ஸின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பகுதி உண்டு. 1938இல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1940இல் எழுதிய கட்டுரையில், வீட்டு விலங்குகளாக வளர்க்கப்படும் பறவைகளின் இயல்பூக்கம் சிதைவதாகத் தாம் கண்டதை நாகரிக மனிதர்களுக்கும் பொருத்தி, சமூகத்தில் 'தரம் குறைந்தோரை' விலக்கும் கொள்கைக்கு ஆதரவாகப் பேசினார். பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். வாத்துக் குஞ்சைப் பற்றிய ஒரு கருதுகோள் எவ்வளவு எளிதாக மனிதர்களைத் தரம்பிரிக்கும் கருவியாகிவிடுகிறது என்பதற்கு அது சான்று.

1953இல் டேனியல் லெர்மன் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர் லோரன்ஸின் கோட்பாட்டை விரிவாக விமர்சித்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது குவோவின் கோழிக்குஞ்சைத்தான். தனித்து வளர்க்கப்பட்ட விலங்கு ஒரு செயலைச் செய்தால் அது பிறவிச் செயல் என்பது லோரன்ஸ் தரப்பின் அளவுகோல். எதிலிருந்து தனித்து வளர்க்கப்பட்டது என்பது லெர்மனின் கேள்வி. தாயிடமிருந்து பிரித்தால் தாய் தரும் அனுபவம் மட்டுமே விலகுகிறது. தன் உடல், தன் அசைவு, தன் குரல், வெப்பம், ஈர்ப்பு ஆகியவற்றிலிருந்து எந்த உயிரையும் பிரிக்க முடியாது. ஆகவே அச்சோதனை எது தேவையில்லை என்று சொல்ல முடியுமே தவிர, எது போதும் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டே, 1954இல், ஸ்பால்டிங் மீண்டும் அச்சேறினார். அவருடைய 1873ஆம் ஆண்டுக் கட்டுரையை முழுமையாக மறுபதிப்புச் செய்த பிரிட்டிஷ் விலங்கு நடத்தை இதழில், அவரை அறிமுகப்படுத்தி முன்னுரை எழுதியவர் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன். மரபியலைக் காட்டி மனிதர்களைத் தரம்பிரிப்பதை 1938இலேயே 'மரபுவழியும் அரசியலும்' என்ற நூலில் கண்டித்தவர் அவர். ஹால்டேன் 1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1964இல் புவனேஸ்வரில் காலமானார். விலையுயர்ந்த கருவிகள் இன்றியே இந்தியாவில் சிறந்த உயிரியல் செய்ய முடியும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஸ்பர்வேயும் சுரேஷ் ஜெயகரும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியின் கூட்டைப் பொறுமையாகக் கவனித்து எழுதிய கட்டுரைகள் அந்த நம்பிக்கையின் விளைவுகளுள் அடங்கும். முக்காட்டுத் துணியும் பசைத்தாளும் கொண்டு சோதனை செய்த கூரைத் தொழிலாளியை இந்த மனிதர் மீட்டெடுத்ததில் வியப்பில்லை.

6. தன் குரலைக் கேட்கும் கரு

லெர்மனின் கேள்விக்குச் சோதனை வடிவம் கொடுத்தவர் அமெரிக்காவின் வட கரோலைனாவில் பணியாற்றிய கில்பர்ட் காட்லீப். அடைப்பெட்டியில் பொரித்து, தாயின் குரலையே கேட்டிராத வாத்துக் குஞ்சுகள்கூடத் தம் இனத் தாயின் அழைப்பையே தேர்ந்தெடுத்தன. காது அடைத்த ஸ்பால்டிங்கின் குஞ்சுகள் காட்டியதும் இதைப் போன்றதே. பிறவி அறிவு என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் வாத்துக் கருக்கள் பொரிப்பதற்குச் சில நாள் முன்பே முட்டைக்குள் குரலெழுப்பத் தொடங்குகின்றன என்பதைக் காட்லீப் கவனத்தில் கொண்டார். அறுவை முறையில் குரலை நிறுத்தி, மற்ற முட்டைகளின் ஒலியும் எட்டாதபடி தனித்து வைத்தபோது, பொரித்த குஞ்சுகள் வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் வேறுபடுத்தித் தேர்ந்தெடுக்கத் தவறின. தாயின் குரலை அறிய அவற்றுக்குத் தாய் தேவைப்படவில்லை. தம் சொந்தக் கீச்சொலி தேவைப்பட்டது. அந்த அனுபவம் கற்றல் என்ற சொல்லுக்குள்ளும் முழுதாக அடங்கவில்லை. இயல்பூக்கம் என்ற சொல்லுக்குள்ளும் அடங்கவில்லை.

இதற்கிடையில் கண் பற்றிய பெர்க்லியின் பழைய கேள்விக்கும் ஒரு பதில் வந்திருந்தது. சிகாகோவில் எக்கார்ட் ஹெஸ், இருளில் பொரித்த குஞ்சுகளுக்குப் பார்வையை 7 பாகை விலக்கும் முப்பட்டகக் கண்ணாடிகளை மாட்டி, களிமண்ணில் பதித்த ஆணித்தலையைக் கொத்தவிட்டார். 1956இல் வெளியான முடிவுகளின்படி, சில நாள்களில் கொத்துகளின் சிதறல் குறைந்து அவை நெருங்கிக் குவிந்தன. ஆனால் அந்தக் குவியல் இலக்கிலிருந்து விலகியே இருந்தது. துல்லியம் நாளோடு வளர்ந்தது, திசை திருத்தப்படவில்லை. ஒரே கொத்தலுக்குள் வளைந்துகொடுக்கும் பகுதியும் வளையாத பகுதியும் இருந்தன.

மொழியியலும் இந்தக் குஞ்சுகளிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது. 1959இல் ஸ்கின்னரின் 'மொழி நடத்தை' நூலை நோம் சாம்ஸ்கி விமர்சித்தபோது, ஒரு குறிப்பிட்ட திசையில் கற்பதற்கான உள்ளார்ந்த ஆயத்தத்துக்குச் சான்றாகப் பதிவுக்கற்றலைச் சுட்டினார். 1967இல் எரிக் லெனபர்க், மொழியறிதலுக்கும் ஒரு முக்கியக் காலகட்டம் உண்டு என்று வாதிட்டார். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பதிவுக்கற்றல் உள்ளார்ந்த ஆயத்தத்துக்குச் சான்று என்பது உண்மை. ஆனால் அது கற்றலுக்கும் சான்று. எதைத் தாயாகக் கொள்வது என்பதைக் குஞ்சு வெளியிலிருந்தே பெறுகிறது. கற்பதற்கென்றே அமைந்த இயல்பூக்கம் என்ற கருத்தை ஏற்றபின், இரண்டும் எதிரெதிர் முகாம்களாக நிற்க முடியாது.

7. எண்ணறிந்த குஞ்சு

1970களிலிருந்து கேம்பிரிட்ஜில் பேட்ரிக் பேட்சன், கேப்ரியல் ஹார்ன் முதலியோர் பதிவுக்கற்றல் குஞ்சின் மூளையில் நிகழும் இடத்தைத் தேடினர். ஹார்னும் மார்க் ஜான்சனும் 1980களில் கண்டது, பழைய சண்டைக்கு எதிர்பாராத தீர்ப்பாக அமைந்தது. முன்மூளையின் ஒரு குறிப்பிட்ட பகுதி சிதைந்தால், கற்றுக்கொண்ட பொருளின்மீதான விருப்பம் பாதிக்கப்படுகிறது. ஆனால் கோழியின் தலையையும் கழுத்தையும் ஒத்த உருவத்தின்மீது குஞ்சுக்கு இருக்கும் விருப்பம் அப்படியே இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று ஓர் அமைப்பு திருப்புகிறது. பார்த்ததை இன்னோர் அமைப்பு கற்றுக்கொள்கிறது. தோராயமான முன்விருப்பமும் துல்லியமான கற்றலும் ஒன்றன் கைபிடித்து மற்றது நடக்கின்றன.

இத்தாலியில் ஜார்ஜியோ வல்லோர்திகாரா, லூசியா ரெகோலின், ரோசா ருகானி ஆகியோர் பதிவுக்கற்றலை ஆய்வுப் பொருளாக அன்றி ஆய்வுக் கருவியாகவே மாற்றினர். ஒரே மாதிரியான ஐந்து சிறு பொருள்களோடு வளர்ந்த குஞ்சு, அவற்றையே தன் கூட்டமாகக் கொள்கிறது. எண்ணிக்கை அதிகமுள்ள பக்கத்தை நாடுகிறது. 2009இல் வெளியான சோதனையில், சில நாளே ஆன குஞ்சுகளின் கண்முன்னே மூன்று பொருள்கள் ஒரு திரைக்குப் பின்னும் இரண்டு பொருள்கள் மற்றொரு திரைக்குப் பின்னும் மறைந்தன. குஞ்சுகள் மூன்று இருந்த திரையை நாடின. பிறகு சில பொருள்கள் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டபோதும், கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டு, இறுதியில் அதிகமுள்ள திரையையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தன. இதைக் கணிதம் என்று அழைப்பதா என்பதில் மார்கனின் நெறி இன்றும் எச்சரிக்கை விடுக்கிறது. ஆயினும் மறைந்த பொருளை மனத்தில் வைத்திருப்பதும், கூட்டல் கழித்தலுக்கு ஒப்பான மாற்றத்தைத் தொடர்வதும் அறிதிறன் அன்றி வேறென்ன?

8. சொல்லும் கேள்வியும்

இந்த வரலாற்றை இயல்பூக்கத்தின் தோல்வி என்றோ கற்றலின் வெற்றி என்றோ சுருக்க முடியாது. ஸ்பால்டிங் சரியாகவே கண்டார்: குஞ்சு வெற்றுப் பலகையாக வருவதில்லை. குவோவும் சரியாகவே கேட்டார்: பலகையில் எழுதியது யார், எப்போது? ஒவ்வொரு கட்டத்திலும் அறிவு முன்னேறியது, பெயர் சூட்டியதோடு நிற்க மறுத்தவர்களால்தான்.

தமிழில் இயல்பூக்கம் என்ற சொல் இயல்பு, ஊக்கம் என்னும் இரண்டின் சேர்க்கை. அதில் ஊக்கம் என்ற பகுதி இன்னும் விளக்கத்தைக் கோருகிறது. இயல்பு என்ற பகுதியோ விளக்கம் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைத் தருகிறது. அன்றாடப் பேச்சில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. ஒருவருடைய திறமையையோ குறையையோ 'இரத்தத்தில் ஊறியது' என்று சொல்லும்போது, அவருக்குக் கிடைத்த, கிடைக்காத சூழலைப் பற்றிய கேள்வி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. பிறப்பை வைத்து மனிதரின் தகுதியை முடிவுசெய்து பழகிய ஒரு சமூகத்தில் இது வெறும் சொல்லாட்சிச் சிக்கல் அன்று. கோழிக்குஞ்சு மனிதச் சமூகத்தைப் பற்றி எதையும் நிறுவிவிடாது. ஆனால் 21 நாள் வரலாறுடைய ஒரு குஞ்சின் கொத்தலையே 'பிறவி' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முடியவில்லை என்றால், மனிதரைப் பற்றி அச்சொல்லைப் பயன்படுத்துவோர் எவ்வளவு தயங்க வேண்டும் என்பதை அது நினைவூட்டும்.

பொரிப்பதற்கு முந்தைய நாள், ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கும். அடைவைத்துப் பழகியவர்களுக்கு அது புதிதன்று; முட்டையைக் காதோரம் பிடித்தால் கேட்கும். அடையிருக்கும் கோழியும் அதற்குக் குரல் கொடுக்கும். ஸ்பால்டிங் காதை அடைக்கும் முன்பே அந்தக் குஞ்சு கேட்கத் தொடங்கியிருந்தது.